கொடி ரோஜாவுக்கு ஒரு கோபுரம்

எங்கள் தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்துக் கேமரன் மலைக்குப் போனது எனக்குக் கல்யாணமான மறு வருடம். திரும்பும்போது எல்லார் கையிலும் முட்டைக்கோஸும் தேயிலைப் பொட்டலமும் இருந்தன. என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு பழைய பால்மாவு டின்னை மடியில் வைத்துக்கொண்டு, மலை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். எனக்கும் குமட்டிக்கொண்டு வந்தது. அவர் என் முதுகைத் தடவிவிடுவார் என்று பார்த்தேன். "இந்தப் பக்கம் எடுக்காத புள்ள, செடி இருக்கு" என்றார்.

டின்னுக்குள் இருந்தது இரண்டு குச்சியும் நாலைந்து இலையும்தான். கொடி ரோஜாவாம். வைத்தால் கூரை வரைக்கும் போகும், கூரை முழுக்கச் சிவப்பாகப் பூக்கும் என்று மலையில் செடி விற்றவர் சொல்லியிருக்கிறார். நாங்கள் இருந்தது கோலா சிலாங்கூர் பக்கம், கடலுக்குக் கிட்டத்தில், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கிற ஒரு தோட்டம். மத்தியானத்தில் துத்தநாகக் கூரையில் அப்பளம் காய வைத்தால் பொரிந்தே போய்விடும். அங்கே ரோஜாவா என்று, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பவர்களிடம் வாதாடும் ஆள் இல்லை. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவதும் வருவதுமாக நாளெல்லாம் தனியாகவே இருந்து பழகியவர். சொல்ல வேண்டியதை எல்லாம் டிராக்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவார்.

எங்களுடையது லயத்தின் கடைசி வீடு. அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் இடம் இருந்தது. காலை வெயில் நன்றாக விழுகிற மூலையில் குழி வெட்டிச் செடியை வைத்தார். வைத்துவிட்டு அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். வேலை விட்டு வந்ததும் கைகால் கழுவாமல் நேராக ஸ்டூலுக்குத்தான் போவார்.

"என்னங்க பார்க்கிறீங்க?"

"ஏறுதான்னு பார்க்கிறேன்."

அவர் மனசில் கொடி என்றால் பாகற்கொடி மாதிரி. சுருள் நீட்டும், எதையாவது பிடிக்கும், தானாக மேலே போகும். பக்கத்தில் ஒரு குச்சியும் நட்டு வைத்திருந்தார். ரோஜா அந்தக் குச்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு கிளை நீளமாக வளர்ந்து, பிடிக்க ஒன்றும் தேடாமல், நேராக வெளியே நீண்டு, தண்ணீர் தூக்கிக்கொண்டு போன என் சேலையைப் பிடித்து இழுத்தது. முள் அப்படியே கொக்கி மாதிரி.

"பாத்தியா, பிடிக்குது!" என்றார். கிழிந்தது கல்யாணத்துக்கு எடுத்த சேலை.

பிறகு அவரே சணல் கயிறு எடுத்துக் கிளையைக் குச்சியோடு கட்டினார். அதற்குப் பிறகும், "இதுக்குப் போயி கொடின்னு பேரு வச்சிருக்கானுங்க, ஒரு முழம் ஏறத் துப்பில்ல" என்று செடியைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

நான் அப்போது உரம் போடும் பெண்கள் கூட்டத்தில் வேலை செய்தேன். செம்பனை மரத்துக்கு எவ்வளவு உரம் என்று எனக்குத் தெரியும். என்னிடம் கேட்டார், சொன்னேன். ரோஜா என்ன, குட்டிச் செடிதானே, அதில் பாதி போதும் என்று அவராக ஒரு கணக்குப் போட்டு ஒரு பெரிய கோப்பை நிறைய அள்ளிப் போட்டுவிட்டார். இலை எல்லாம் ஓரம் கருகிச் சுருட்டு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை. நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி உரத்தைக் கரைத்து விட்டேன். செடி பிழைத்துக்கொண்டது. ஆனால் அது பிழைக்கிறதா என்று அவர் ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்ப்பதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

அடுத்த ஆபத்து நாலு காலில் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஆடு வளர்த்தார். அக்காவின் புருஷன் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. வேலைக்காட்டில் அவர் குரல் கேட்டால் ஆட்கள் நடுங்குவார்கள், வீட்டில் அக்காவின் குரல் கேட்டால் அவர் நடுங்குவார். அந்த அக்காவின் ஆடுகளில் ஒரு கறுப்புக் கிடா இருந்தது. ஒரு நாள் நாங்கள் வேலைக்காட்டிலிருந்து வரும்போது அது ரோஜாவின் பக்கத்தில் நின்றுகொண்டு, வாயில் ஒரு தளிர் தொங்க, எங்களைப் பார்த்தது.

இவர் கத்தினார். அக்கா வெளியே வந்தார்.

"அக்கா, ஒங்க கிடா என் செடியத் தின்னுருச்சு!"

"ஒங்க செடி என் கிடா வாயக் கிழிச்சிருச்சு தம்பி, அத யாரு கேக்கிறது? பாருங்க, ஒதடெல்லாம் ரத்தம்!"

"அது ஏன் முள்ளுச் செடியில வாய் வைக்குது?"

"நீங்க ஏன் ஆடு போற வழியில முள்ளுச் செடி வைக்கிறீங்க?"

அது வழி இல்லை, எங்கள் வீட்டுப் பக்கம். ஆனால் ஆட்டுக்கு அது தெரியாது, அக்காவுக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பேச்சில்லாத அந்த வாரத்தில் இவர் பழைய பலகையும் கம்பியும் சேர்த்து, இடுப்பு உயரத்துக்கு நீளமாக ஒரு வேலி கட்டினார். வேலி கட்டியபின் கிடா வெளியே நின்று ரோஜாவைப் பார்த்துக் கத்தும். இவர் உள்ளே நின்று கிடாவைப் பார்த்துக் கத்துவார்.

சமாதானம் செய்து வைத்ததும் அந்தக் கிடாதான். அதாவது, அதன் புழுக்கை. கருகிய செடிக்கு இனி மூட்டை உரமே வேண்டாம், ஆட்டுப் புழுக்கை மக்க வைத்துப் போட்டால் போதும் என்று நான் சொன்னேன். ஆட்டுப் புழுக்கை லயத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. இவர் மூன்று தடவை அக்கா வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். கடைசியில் அக்காவே கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தார்: "தம்பி, வெக்கப்படாம சாக்கைக் கொண்டாங்க லா. எனக்கும் கூட்டித் தள்ற வேலை மிச்சம்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து வேலிக்கு உள்பக்கம் ஒரு புழுக்கை மேடு உருவானது. ஆலையிலிருந்து குலை எரித்த சாம்பலும் டிராக்டரில் வந்து சேர்ந்தது. மாலையில் இலைமேல் தண்ணீர் தெளித்தால் கரும்புள்ளி விழுகிறது என்று கண்டுபிடித்து, காலையில் வேரில் மட்டும் ஊற்றினோம். புள்ளி விழுந்த இலைகளை நான் பொறுக்கி எரித்தேன். தளிரில் அசுவினிப் பூச்சி அப்பினால் சோப்புத் தண்ணீர். இத்தனையும் செய்தபின் செடி கிளம்பியது பாருங்கள், ஒவ்வொரு கிளையும் மூங்கில் குருத்து மாதிரி. இவருக்குத் தலைகால் புரியவில்லை.

உயரமான செம்பனையில் குலை அறுக்கிற பழைய மூங்கில் கம்புகள் ஸ்டோருக்குப் பின்னால் கிடந்தன. கேட்டு வாங்கி வந்து நாலு மூலைக்கு நாலு நட்டு, குறுக்கே கட்டி, கூரைக்கும் மேலே போகிற மாதிரி ஒரு சாரம் எழுப்பினார். கிளைகளை நேர்க்கோடாக, ஒன்றுகூட வளையாமல், மேலே மேலே இழுத்துக் கட்டினார். கட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடி, கோணல் இருக்கிறதா என்று பார்ப்பார். லயத்தில் அதற்குக் கோபுரம் என்று பேர் வைத்துவிட்டார்கள். சம்பளத்தன்று குடித்துவிட்டு வந்த ஒருவர் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனதாகவும் பேச்சு.

செடி கோபுரத்தின் உச்சிக்குப் போனது. அங்கே போய் ஒரே ஒரு பூப் பூத்தது.

கீழிருந்து மேல் வரை வெறும் இலையும் முள்ளும். உச்சியில், கூரைக்கும் மேலே, வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சிவப்பு. கீழே நிற்கிறவர்களுக்கு அதன் காம்புதான் தெரியும். அதைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களம் வரைக்கும் நடந்து போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தப் பூ உதிர்ந்தால் அதே இடத்தில் இன்னொன்று. ரோஜாச் செடி வளர்க்கிற வீட்டில் இருந்துகொண்டு நான் தலைக்குச் செம்பருத்தி வைத்துக்கொண்டு போனேன்.

"ஒண்ணுன்னாலும் எப்படி நிக்குது பாத்தியா" என்பார்.

"யாரு பாத்தா? காக்காதான் பாத்துச்சு" என்பேன்.

தீபாவளிக்கு முன்னால் தோட்டத்தில் லயத்து வீடுகளுக்குத் தோட்டப் போட்டி வைப்பார்கள். சுத்தமான வாசல், நல்ல காய்கறி, நல்ல பூச்செடி பார்த்துப் பரிசு. தோட்டத்து மேனேஜரான துரை நேரில் வந்து பார்ப்பார். அந்த வருடம் வந்திருந்தவர் புதுத் துரை, சீனர், இளவயசு. வேலைக்காகத் தமிழ் படித்தவர். தப்பும் தவறுமாக ஆனால் கொஞ்சமும் கூச்சமில்லாமல் பேசுவார். கால்சட்டைக்குள் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பின்னால் ஆபீஸ் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

அக்கா வீட்டு வெண்டைக்காயைப் பார்த்துவிட்டு எங்கள் வேலிக்குள் வந்தார் துரை. கோபுரத்தை அடியிலிருந்து மேலே பார்த்தார்.

"இது என்ன?"

"கொடி ரோஜா, தொர."

"பூ எங்கே?"

இவர் பெருமையாக வானத்தைக் காட்டினார்.

துரை அண்ணாந்து பார்த்தார். குடையைத் தள்ளச் சொல்லிப் பார்த்தார். "எனக்குத் தெரியலே. பூ இல்லே" என்று திரும்பப் போனார். அவ்வளவோடு விட்டிருக்கலாம். இவர் வீட்டுக்குப் பின்னால் ஓடி ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து கோபுரத்தில் சாய்த்து வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏறிப் பாருங்க, தொர. ரெண்டே நிமிசம்."

பெரிய கிராணி கண்ணாலேயே இவரைக் கொன்றுவிட்டார். ஆனால் துரைக்கு என்ன தோன்றியதோ, தொப்பியைச் சரி செய்துகொண்டு ஏணியில் கால் வைத்துவிட்டார். லயமே வேலியைச் சுற்றிக் கூடிவிட்டது. துரை ஏணியில் ஏறுவதை எங்கள் ஆட்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

உச்சிக்குப் போனார். "ஆமா, இருக்கு!" என்று அங்கிருந்து சத்தம் போட்டார். இவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். துரை முகர்ந்து பார்ப்பதற்காகக் குனிந்தார். அப்போது ஒரு முள் தொப்பியைப் பிடித்தது. தொப்பியை விடுவிக்கக் கையை நீட்டினார். இன்னொரு முள் சட்டைக் கையைப் பிடித்தது. அதை விடுவிக்கத் திரும்பினார். முதுகை நாலைந்து முள் ஒரே நேரத்தில் பிடித்தன. பிடி தவறாமல் இருக்கக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டார்.

கோபுரத்தின் அடியில் கரையான் இருந்தது யாருக்கும் தெரியாது.

அது படார் என்று விழவில்லை. மெல்லக் கோணியது. முதலில் ஒரு கால் முறிந்தது, பிறகு அடுத்தது. துரை, ஏணி, மூங்கில், ரோஜா எல்லாம் ஒன்றாக, அவசரமே இல்லாமல், வேலிப் பக்கமாகச் சாய்ந்து வந்தன. இவர் கடைசி வரை ஏணியை விடவில்லை. அதனால் இவரும் கூடவே போனார். துரை போய் விழுந்தது ஆட்டுப் புழுக்கை மேட்டில். மேடு நன்றாக மக்கி மெத்தை மாதிரி இருந்ததால் ஒரு சிராய்ப்புகூட இல்லை. முள் கீறல் மட்டும்தான்.

கிராணி குடையை விரித்தபடியே நின்றார். துரை எழுந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையின் நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அவர் கையில் அந்த ஒற்றைப் பூ இருந்தது. விழும்போது எப்படியோ பிடித்திருக்கிறார். அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"வாசம் இருக்கு" என்றார்.

முதலில் சிரித்தது அக்கா. அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. துரையும் சிரித்தார் என்றுதான் ஞாபகம். மண்டோர் மட்டும் சிரிக்கலாமா என்று அக்காவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பரிசு, ஒரு நல்ல ஃபிளாஸ்க், அக்காவின் வெண்டைக்காய்க்குப் போனது. போகும்போது துரை இவரிடம் விரல் நீட்டிச் சொன்னார்: "இனிமே இது மேலே போகக் கூடாது. போனா, நான் வெட்டச் சொல்லும்."

இவருக்குக் கீறல் வலியைவிட அந்தப் பேச்சு வலித்தது. செடியைப் போய்ப் பார்த்தார். கிளைகள் முறியவில்லை, மூங்கிலோடு சேர்ந்து வேலியின் மேல் நீளமாகப் படுத்துக் கிடந்தன. துரை பேச்சை மீறித் தூக்கிக் கட்டவும் பயம், வெட்டவும் மனசு வரவில்லை. மூங்கிலை உருவி எடுத்துவிட்டு, கிளைகளைக் கிடந்தபடியே வேலியோடு சேர்த்துக் கட்டினார். கட்டும்போது மூக்கை உறிஞ்சினார். சளி என்றார். ஸ்டூலைத் தூக்கிக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, தண்ணீர் ஊற்றும்போது பார்க்கிறேன், படுத்துக் கிடந்த கிளைகளில் கணுவுக்குக் கணு சிவந்த முளை. எல்லா முளையும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றன. நான் ஒன்றும் சொல்லவில்லை. முளை குட்டிக் கிளையானது. ஒவ்வொரு குட்டிக் கிளையின் நுனியிலும் மொட்டு. அன்றைக்கும் நான் சொல்லவில்லை. முதல் பூக்கள் விரிந்த காலையில்தான் டிராக்டரை எடுக்கக் கிளம்பியவரின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

வேலி நீளத்துக்கும் சிவப்பு. இந்தப் பக்கம் எங்கள் வாசல் வரைக்கும், அந்தப் பக்கம் அக்காவின் ஆட்டுக் கொட்டகை வரைக்கும். அவர் வேலியருகே போனார். ஒரு பூவைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். அப்படியே தொட்டுத் தொட்டு வேலியின் கடைசி வரைக்கும் போனார். அன்றைக்குப் பெரட்டுக்குத் தாமதமாகப் போய் மண்டோரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் வந்து என்னிடம் கேட்டார், "நிக்கையில பூக்காதது படுத்தா பூக்குதே, அது ஏன் புள்ள?"

"களைப்பா இருந்திருக்கும்" என்றேன். எனக்கும் தெரியாது. சாறெல்லாம் உச்சிக்கே ஓடாமல், படுத்த கிளையில் கணுதோறும் பகிர்ந்துகொள்வதால் பூக்கிறது என்று வெகுகாலம் கழித்து யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஆனால் ஒரே மாதத்தில், அவர் ஆரம்பத்திலிருந்தே படுக்க வைக்கத் திட்டம் போட்டிருந்த மாதிரி பேசத் தொடங்கிவிட்டார். வேலியோரம் யார் நின்றாலும் பாடம். "கொடி ரோஜான்னா படுக்க வைக்கணும் லா. நிக்க வச்சா திமிர் புடிச்சிரும்." டிராக்டரிடம் மட்டும் பேசிய மனுஷன் ஊரெல்லாம் பேசினார். பூ முடிந்ததும் காம்பை வெட்டினால் மறுபடி தளிர்க்கும் என்று கண்டுகொண்டதால் எனக்குத் தலைக்குப் பூவும் கிடைத்தது, வெள்ளிக்கிழமை கோவிலுக்கும் கிடைத்தது. குச்சி வெட்டிக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். புக்கிட் பெலிம்பிங்கில் இரண்டு மூன்று வீட்டுக்குப் போனது. கோலா சிலாங்கூர் சந்தையில் எங்களுக்கு வாழைப்பழம் விற்கிற மலாய்க்காரம்மா ஒருவர் சுங்கை பஞ்சாங்குக்குக் கொண்டுபோனார்.

அடுத்த வருடம் சந்தையில் பார்த்தபோது அந்த அம்மா குறைப்பட்டுக்கொண்டார். செடி தென்னை மாதிரி வளர்ந்துவிட்டது, பூ மட்டும் இல்லை. இவருக்குக் கண் பளபளத்தது. "வர்ற ஞாயித்துக்கெழம போறோம்" என்றார் என்னிடம்.

மோட்டார்சைக்கிளில் தஞ்சோங் காராங் தாண்டி, சிகிஞ்சான் தாண்டிப் போனோம். இரண்டு பக்கமும் நெல். சுங்கை பஞ்சாங்கில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது வீட்டில் யாரும் இல்லை. வாசல் ஓரம் நெட்டுக்குத்தலாக ஒரு கம்பம், அதில் எங்கள் ரோஜா, உச்சியில் ஒரு மொட்டு. ஆள் வரட்டும் என்று நான் சொல்லச் சொல்ல, இவர் போய்க் கட்டை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது வயல் பக்கமிருந்து ஒரு மலாய்க்காரர் வந்தார். அந்த அம்மாவின் புருஷன். கையில் அரிவாள். முன்பின் தெரியாத ஒரு தமிழர் தன் வீட்டுச் செடியைக் கீழே இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். என்ன செய்கிறாய் என்று மலாயில் அதட்டினார்.

இவருக்குப் பயத்தில் மலாய் மறந்துவிட்டது. ஒரே ஒரு சொல்தான் வாயில் வந்தது. "தீடோர்! தீடோர்!" என்றார். தூக்கம் என்று அர்த்தம்.

அவர் இவரைப் பார்த்தார், உச்சி வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தூங்க வேண்டுமா, இங்கேயா, யாருக்கு என்று கேட்டார். இவர் செடியைக் காட்டினார். செடிக்கா என்று அவர் ஒரு அடி பின்னால் போனார். வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர் அந்த வாசலில் மண்ணில் நெட்டாகப் படுத்து, இரண்டு கையையும் அகல நீட்டி, விரல்களை மட்டும் மேலே மேலே விரித்துக் காட்டினார். பூக்கிறதாம்.

நான் மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இவர் எனக்கு என்ன உறவு என்று அந்த ஆள் கேட்டால் சொல்லத் துணிவில்லை.

நல்லவேளை, விருந்துக்குப் போயிருந்த அந்த அம்மா சோற்றுப் பொட்டலங்களோடு வந்து சேர்ந்தார். விஷயம் கேட்டு வாசல்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு எங்களுக்கும் சோறு கிடைத்தது. அந்த மலாய்க்காரர் சாப்பிடும்போதும் அரிவாளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, இவரையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் கம்பத்தைப் பிடுங்க அனுமதித்தார். இரண்டு ஆண்களும் சேர்ந்து வாசல் வேலியோரம் கிளைகளைப் படுக்க வைத்துக் கட்டிவிட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம்.

பல வாரங்கள் கழித்து, ஒரு சாயங்காலம் எங்கள் லயத்து வாசலில் ஒரு பழைய மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. அந்த மலாய்க்காரர். அவ்வளவு தூரம் தனியாக வந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து பேனா எடுக்கிற மாதிரி ஒரு ரோஜாவை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். வழியெல்லாம் காற்றில் அடிபட்டு அது பாதி வாடியிருந்தது. என் வீட்டுக்காரர் அதை வாங்கி, வேலியில் இருந்த எங்கள் பூ ஒன்றின் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"எங்கது கொஞ்சம் பெருசு" என்றார் தமிழில், என்னிடம் மட்டும். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் காப்பி போடப் போனேன்.